தெருவும் ஒரு தீவுதான்: தட்டம்மையும் நம் பிள்ளைகளின் ஊசிக் கணக்கும்

2022 நவம்பரில் ஒரு நாள் காலை. மும்பை அன்டாப் ஹில் பக்கத்தில் நம்மவர்கள் நிறைய இருக்கும் ஒரு சந்து. ஒரு வீட்டு நிலையில் வேப்பங்கொத்து செருகியிருந்தது. மாநகராட்சி ஹெல்த் போஸ்ட்டிலிருந்து வந்த மராத்திப் பெண்மணி கையில் ரிஜிஸ்தரோடு வாசலில் நின்று "கோவர் ஆஹே கா?" என்று கேட்கிறார். உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த பாட்டி, "கோவரும் கிடையாது ஒண்ணும் கிடையாது, அம்மா வந்திருக்கா, போயிட்டு அப்புறமா வாங்க" என்று கதவைச் சாத்தப் பார்க்கிறார். தமிழ் தெரிந்த ஆள் ஒருத்தர் கூட வந்தால் நல்லது என்று ஹெல்த் போஸ்ட்டில் கேட்டிருந்தார்கள். நான் ரிட்டயர்டு வாத்தியார், காலையில் பேப்பர் படித்து முடித்தால் வேறு வேலை கிடையாது. அதனால்தான் நானும் அந்த வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

பாட்டி பொய் சொல்லவில்லை. மராத்தியில் கோவர், இந்தியில் கஸ்ரா, அரசாங்கத் தமிழில் தட்டம்மை, எங்கள் நெல்லைச் சீமையில் மணல்வாரி. மணலை அள்ளி உடம்பெல்லாம் இறைத்த மாதிரி சின்னச் சின்னதாகத் தடித்துச் சிவப்பதால் அந்தப் பேர் வந்திருக்க வேண்டும். ஆனால் வீட்டுப் பேச்சில் இது எல்லாமே 'அம்மா'தான். பெரியம்மை, சின்னம்மை, தட்டம்மை மூன்றும் நமக்கு ஒரே தாயின் பிள்ளைகள். பெரியம்மையையும் தட்டம்மையையும் பிரித்துக் காட்டி நூல் எழுதிய பெருமை பாரசீக மருத்துவர் அல்-ராஸிக்கு உண்டு. அவர் காலம் இன்றைக்குச் சுமார் 1,100 வருஷம் முந்தி. நாம் இன்னும் ஒரே கூடையில்தான் போட்டு வைத்திருக்கிறோம்.

பேரில் என்ன இருக்கிறது என்று கேட்கக் கூடாது, இருக்கிறது. "எங்க பேரனுக்கு அம்மை ஊசி போட்டும் அம்மை போட்டுச்சே, அப்புறம் எதுக்கு ஊசி?" என்று என்னிடமே கேட்டவர்கள் பலர். விசாரித்தால் பேரனுக்கு வந்தது நீர்கோத்த கொப்புளம், அதாவது சின்னம்மை. அரசாங்கம் இலவசமாகப் போடும் ஊசி தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் ஆனது. சின்னம்மைக்கு அந்த அட்டவணையில் ஊசியே கிடையாது. ஒரு நோய்க்குப் போட்ட ஊசியை இன்னொரு நோய் வந்ததற்காகக் குறை சொல்கிறோம். அல்-ராஸி கேட்டால் சிரிப்பார்.

அதே சமயம் நம் பாட்டிமார்களை ஒரேயடியாகப் பழிக்கவும் எனக்கு மனசு வராது. வேப்பிலை கட்டிய வீட்டுக்குள் வெளியாள் போகக் கூடாது, தலைக்குத் தண்ணி ஊத்துகிற வரைக்கும் பிள்ளையை வெளியே விடக் கூடாது என்பதெல்லாம் என்ன? இன்றைக்கு ஐசொலேஷன் என்கிறோமே, அதுதான். ஒரே ஒரு இடத்தில் மட்டும் கணக்கு தப்பிவிடுகிறது. தடிப்பு வெளியே தெரிவதற்கு 4 நாள் முன்பிருந்தே அந்தப் பிள்ளை மற்றவர்களுக்கு நோயைக் கொடுக்க ஆரம்பித்துவிடும். அந்த 4 நாளில் வெறும் காய்ச்சல், சளி, இருமல், கண் சிவப்பு. யாரும் வேப்பிலை கட்ட மாட்டார்கள். பிள்ளை பால்வாடிக்குப் போகும், பக்கத்து வீட்டில் டிவி பார்க்கும். இருமிவிட்டுப் போன அறையின் காற்றில் கிருமி 2 மணி நேரம் வரை தங்கும். நம் ஊரில் 10-க்கு 10 கோலியில் 7 பேர் படுத்திருக்கும் இடத்தில் இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

எனக்கு இந்த நோயோடு ஒரு பழைய வழக்கு உண்டு. 1957-இல் எனக்கு 7 வயசு. ஊரில் மணல்வாரி வந்தது. எனக்கும் வந்தது, என் தம்பிக்கும் வந்தது. அவனுக்கு ஒண்ணரை வயசு. இரண்டு பேருக்கும் இறங்கிவிட்டது. தண்ணி ஊத்தி, கோயிலுக்கு மாவிளக்கும் எடுத்தாகிவிட்டது. அதற்கு மூன்று வாரம் கழித்து அவனுக்கு வயிற்றுப்போக்கு கண்டது. நாலே நாளில் போய்விட்டான். "பேதியில போயிட்டான்" என்றுதான் அம்மா கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். மணல்வாரி மீது அவளுக்குக் கோபமே கிடையாது. அம்மா நல்லபடியா இறங்கிட்டாளே என்பாள்.

வெகுகாலம் நானும் அப்படித்தான் நம்பினேன். பிற்பாடு படித்தபோதுதான் தெரிந்தது. தட்டம்மையில் சாகிற பிள்ளைகளில் பெரும்பாலோர் தடிப்போடு சாவதில்லை, அதைத் தொடர்ந்து வரும் நிமோனியாவிலும் பேதியிலும்தான் சாகிறார்கள். ஏன் என்பதற்கு 2019-இல் வெளியான ஓர் ஆய்வு தெளிவான பதில் தந்தது. உடம்பு அதுவரை சந்தித்த கிருமிகளை எல்லாம் ஞாபகம் வைத்திருக்கும் அல்லவா, அந்த ஞாபகத்தைத் தட்டம்மை அழித்துவிடுகிறது. ஊசி போடாத பிள்ளைகளின் ரத்தத்தை நோய்க்கு முன்னும் பின்னும் எடுத்துப் பார்த்தபோது, இருந்த எதிர்ப்புப் பொருட்களில் 11 முதல் 73 விழுக்காடு வரை காணாமல் போயிருந்தன. ஸ்லேட்டைத் துடைத்த மாதிரி. இந்தத் தடுப்பூசி பரவலாக வருவதற்கு முன்பு உலகத்தில் ஆண்டுக்கு 26 லட்சம் பேர் இதனால் இறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. நம் ஊர்களின் சாவுக் கணக்கில் 'பேதி' என்றும் 'மாந்தம்' என்றும் 'சளி' என்றும் எழுதியதில் எத்தனை மணல்வாரியோ!

இனி வரலாற்றுக்கு வருவோம். தட்டம்மை பற்றிய அறிவு ஒரு தீவுக் கூட்டத்தில்தான் பிறந்தது. வட அட்லாண்டிக் கடலில் டென்மார்க்குக்குச் சொந்தமான ஃபேரோ தீவுகள். 1781-இல் அங்கே தட்டம்மை வந்து போனது. அதற்கப்புறம் 65 வருஷம் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. 1846-இல் கோபன்ஹேகனிலிருந்து கப்பலில் வந்த ஒரு தச்சர் நோயைக் கொண்டுவந்தார். மொத்த ஜனத்தொகை 7,800-க்குச் சற்றுக் குறைவு. சில மாதங்களில் சுமார் 6,000 பேர் படுக்கையில்! அரசாங்கம் அனுப்பிய பீட்டர் பானும் என்ற 25 வயது டாக்டர், தீவு தீவாகப் படகில் போய், யாருக்கு என்றைக்குக் காய்ச்சல், யார் யாரைச் சந்தித்தார் என்று விசாரித்து எழுதினார். நோயாளியைச் சந்தித்த நாளிலிருந்து தடிப்பு வர 13, 14 நாள் ஆகும் என்பதை அப்படித்தான் கண்டுபிடித்தார். இன்னொன்றையும் கவனித்தார். 1781-இல் சிறு பிள்ளையாக இருந்து தட்டம்மை கண்டு பிழைத்த கிழவர் கிழவிகள் அப்போது உயிரோடு இருந்தார்கள். அவர்களில் ஒருத்தருக்குக்கூட இரண்டாம் தடவை வரவில்லை. அந்த வருஷம் வராத மற்ற வயசாளிகளோ பிள்ளைகளைப் போலவே படுத்துவிட்டார்கள்.

எனக்கு இதில் பிடித்த விஷயம் அந்த 65 வருஷம். அத்தனை காலம் நோய் இல்லை என்றால் அந்தத் தீவு பாதுகாப்பாக இருந்தது என்று அர்த்தமில்லை. காய்ந்த சருகு ஒவ்வொரு வருஷமும் குவிந்துகொண்டே இருந்திருக்கிறது. தீக்குச்சி வர நாளாயிற்று, அவ்வளவுதான்.

பின்னாளில், 1950-களில், பார்ட்லெட் என்ற ஆங்கிலப் புள்ளியியல் அறிஞர் இங்கிலாந்து நகரங்களின் கணக்கை எடுத்துப் பார்த்தார். இரண்டரை, மூன்று லட்சம் ஜனங்களுக்குக் குறைந்த ஊரில் தட்டம்மை ஒரு சுற்று சுற்றிவிட்டு, புதிதாகப் பிடிக்க ஆள் இல்லாமல் தானாக அணைந்துவிடுகிறது, வெளியிலிருந்து மறுபடி வந்தால்தான் உண்டு. அதற்கு மேற்பட்ட பெரிய நகரத்தில் அணைவதே இல்லை, ஏதாவது ஒரு தெருவில் புகைந்துகொண்டே இருக்கும். நம் பம்பாய், கல்கத்தா, தில்லி எல்லாம் எந்த வகை என்று சொல்ல வேண்டியதில்லை.

தடுப்பூசி என்ற வித்தை இந்தியாவுக்குள் நுழைந்ததே நம் மும்பை வழியாகத்தான் என்பது இங்கே குறிப்பிடத்தக்கது. 1802 ஜூன் 14 அன்று, பஸ்ரா வழியாக வந்த பசு அம்மைப் பாலை, பம்பாயில் ஆனா டஸ்ட்ஹால் என்ற 3 வயதுப் பெண் குழந்தைக்கு ஏற்றினார்கள். அது பெரியம்மைக்கான தடுப்பு. அக்காலத்தில் மருந்துக் குப்பி ஏது? ஒரு குழந்தையின் கையில் எழும்பிய கொப்புளத்திலிருந்து எடுத்து அடுத்த குழந்தைக்கு. அப்படிக் கை மாறிக் கை மாறிச் சென்னைக்கும் இலங்கைக்கும் போனது. நாம் திருநெல்வேலியிலிருந்தும் சேலத்திலிருந்தும் பம்பாய்க்கு வந்து சேருவதற்கு வெகு முன்னாலேயே பம்பாய்ப் பிள்ளையின் கையிலிருந்து தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தடுப்பு போய்விட்டது.

தட்டம்மைக்கு மருந்து வர இன்னும் 160 வருஷம் ஆனது. 1954-இல் பாஸ்டனில் எண்டர்ஸும் பீபிள்ஸும் டேவிட் எட்மன்ஸ்டன் என்ற பள்ளி மாணவனிடமிருந்து கிருமியைப் பிரித்தெடுத்தார்கள். 1963-இல் தடுப்பூசிக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இந்தியாவில் 1978-இல் விரிவான தடுப்பூசித் திட்டம் தொடங்கியபோது அதில் தட்டம்மை இல்லை, 1985-இல்தான் சேர்ந்தது. இரண்டாவது தவணை என்பது 2010-க்குப் பிறகு. அந்தப் பாஸ்டன் பையனின் பேரைத் தாங்கிய கிருமி வம்சத்திலிருந்துதான் புனேயில் சீரம் நிறுவனம் ஊசி மருந்து தயாரித்து உலகமெங்கும் பல நாடுகளுக்கு அனுப்புகிறது. புனேயிலிருந்து மும்பை சுமார் 150 கிலோமீட்டர். இந்தத் தூரத்தை நினைவில் வையுங்கள்.

1973-இல் நான் மும்பைக்கு வந்தேன். அடுத்த வருஷமே மாநகராட்சித் தமிழ்ப் பள்ளி ஒன்றில் வேலை கிடைத்தது. முதல் இருபது வருஷமும் பெரும்பாலும் ஒண்ணாம் வகுப்புதான் எனக்கு. அந்தக் காலத்து வருகைப் பதிவேட்டைப் புரட்டினால் ஜனவரி முதல் ஏப்ரல் வரை நீளமாகச் சிவப்பு மையில் 'வ.இ.' 'வ.இ.' என்று ஓடும். காரணம் எழுதும் இடத்தில் 'அம்மை'. எல்லா வருஷமும் ஒரே மாதிரி இருக்காது. ஒரு வருஷம் கொத்தாக வரும், அடுத்த வருஷம் அமைதி, அப்புறம் மறுபடி. ஏதோ சாமியின் சுற்று என்றார்கள். உண்மையில் ஒரு சுற்றில் பிழைத்தவர்களைத் திரும்பப் பிடிக்க முடியாமல், புதுசாகப் பிறந்த பிள்ளைகள் போதிய அளவு சேரும்வரை நோய் காத்திருக்கிறது. 90-களின் கடைசியில் அந்தச் சிவப்புக் கோடுகள் குறைந்துபோயின. 2008-இல் நான் ஓய்வு பெறும்போது இளைய ஆசிரியைகளுக்குத் தட்டம்மை எப்படி இருக்கும் என்றே தெரியாது. நல்ல காரியம்தான். ஆனால் கண்ணால் பார்க்காத நோய்க்கு யார் பயப்படுவார்கள்? பயம் அத்தனையும் ஊசி மேல் திரும்பிவிட்டது.

இங்கே கொஞ்சம் கணக்குப் போட வேண்டியிருக்கிறது, வாத்தியார் புத்தி போகுமா! தட்டம்மைக்காரர் ஒருவர், யாருக்கும் எதிர்ப்புச் சக்தி இல்லாத கூட்டத்தில், 12 முதல் 18 பேருக்குக் கொடுத்துவிடுவார். அதனால் நூற்றுக்கு 95 பேராவது காப்புப் பெற்றிருந்தால்தான் பரவாமல் நிற்கும். 9 மாதத்தில் போடும் முதல் ஊசி நூறு பிள்ளைக்குப் போட்டால் சுமார் 85 பிள்ளைக்குத்தான் பிடிக்கும். ஒரு பேட்டையில் வருஷத்துக்கு 1,000 பிள்ளை பிறக்கிறது, 900 பேருக்கு ஊசி போட்டாச்சு என்று வையுங்கள். 90 விழுக்காடு, பிரமாதம் என்போம். ஆனால் பிடித்தது 765 பேருக்குத்தான். மிச்சம் 235. நாலு வருஷத்தில் அது 940. ஒரு வருஷத்தில் பிறந்த பிள்ளைகள் அத்தனை பேரும் ஊசியே போடாமல் இருப்பதற்குச் சமம். அதற்காகத்தான் 16 மாதத்துக்கு மேல் இரண்டாவது ஊசி. அதைப் போட்டால் அநேகமாக எல்லோருக்கும் காப்பு வந்துவிடும்.

இதைவிட முக்கியமான கணக்கு இன்னொன்று இருக்கிறது. ஒரு நகரத்தில் ஒரே அளவுள்ள 10 பேட்டைகள். ஒன்பதில் 97 விழுக்காடு, ஒன்றில் மட்டும் 60. நகரத்தின் சராசரி என்ன? 93-க்கு மேல். பேப்பரில் போட்டால் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் தட்டம்மை பேப்பர் படிப்பதில்லை. அது அந்தப் பத்தாவது பேட்டையைத் தேடிக் கண்டுபிடித்துவிடும். கிருமிக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு சால், ஒரு சந்து, ஒரு பால்வாடி. ஃபேரோ தீவுக்கு நாலு பக்கமும் கடல் இருந்தது. நம் ஊரில் கடல் இல்லாமலே தீவுகள் இருக்கின்றன.

அந்தத் தீவுகள் உண்டாகும் விதமும் விசித்திரம். விழுக்காடு என்றால் மேலே ஊசி போட்ட பிள்ளை, கீழே மொத்தப் பிள்ளை. இந்த 'மொத்தம்' எங்கிருந்து வருகிறது? வீடு வீடாகப் போய் எழுதிய பட்டியலிலிருந்து. 11 மாத அக்ரிமென்ட்டில் கோலி மாறிக்கொண்டே இருக்கும் குடும்பம் பட்டியல் எடுக்கும்போது குர்லாவில், ஊசி போடும்போது மான்கூர்டில். அந்தப் பிள்ளை மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. விழுக்காடு குறையாது, ஏனென்றால் பிள்ளையே கணக்கில் கிடையாது.

நம் தமிழ்நாட்டைப் பற்றி நமக்கெல்லாம் பெருமை உண்டு, நியாயமான பெருமைதான். ஆனால் அங்கேயும் ஒரு சறுக்கல் நடந்தது. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்டுக்கொண்ட 4 கைக்குழந்தைகள் இறந்துபோயின. ஊரே கலங்கியது. அதற்குப் பிறகு கிராமங்களுக்குப் போய்ப் போடுவதை விட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் முன்னிலையில்தான் ஊசி என்று மாற்றினார்கள். பாதுகாப்புக்காகச் செய்ததுதான், குற்றம் சொல்ல முடியாது. ஆனால் கூலிவேலைக்குப் போகும் தாய் ஒரு நாள் சம்பளத்தை விட்டு, பஸ் பிடித்துப் போக வேண்டும். தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் எல்லாத் தடுப்பூசியும் பெற்ற பிள்ளைகள் 2005-06-இல் 80.9 விழுக்காடு, 2015-16-இல் 69.7, 2019-21-இல் 89.2. நடுவில் விழுந்த அந்தப் பள்ளத்துக்கு இந்த மாற்றமும் ஒரு காரணம் என்பது என் அபிப்பிராயம். 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி இயக்கம் தமிழ்நாடு உள்பட ஐந்து இடங்களில் தொடங்கியபோது வாட்ஸப்பில் கிளம்பிய புரளி தனிக்கதை. ஊரிலிருந்து மும்பைக்கு வந்து சேர அதற்கு ரயில் டிக்கெட்கூடத் தேவைப்படவில்லை. மகாராஷ்டிரத்தில் 2018 நவம்பரில் அந்த இயக்கம் வந்தபோது, ஊரிலிருந்து வந்த அதே செய்தியைக் காட்டி, "சார், இதுல என்னமோ போட்டிருக்கே" என்று என் பழைய மாணவர்களே கேட்டார்கள்.

அப்புறம் கொரோனா. 2020-இல் ஊரடங்கு. ஊசிக்குப் போகிறவர்கள் போகவில்லை, போட வேண்டியவர்களும் வேறு வேலைக்கு இழுக்கப்பட்டார்கள். நம் ஜனங்களில் பல குடும்பங்கள் கைக்குழந்தையோடு ஊருக்குப் போய், மறு வருஷம் திரும்பின. 2021-இல் மட்டும் உலகத்தில் ஏறத்தாழ 4 கோடிப் பிள்ளைகள் தட்டம்மை ஊசி ஒரு தவணையாவது தவறவிட்டார்கள். முகமூடியும் பூட்டிய பள்ளியும் இருந்த வரைக்கும் நோயும் அடங்கிக் கிடந்தது. மறுபடியும் அந்த 65 வருஷக் கதைதான், கொஞ்சம் சின்ன அளவில்.

2022 மழைக்காலம் முடிந்ததும் மும்பையில் தீப்பிடித்தது. தேவ்நார் குப்பை மலையின் அடிவாரத்தில் இருக்கும் கோவண்டி, எம்-ஈஸ்ட் வார்டு, அங்கேதான் அதிகம். அக்டோபர் கடைசியில் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் மூன்று பேர் இரண்டொரு நாள் இடைவெளியில் இறந்த பிறகுதான் ஊருக்கு விஷயம் உறைத்தது. நவம்பர் 9 அன்று மத்திய அரசு மும்பைக்கு நிபுணர் குழுவை அனுப்பியது. அந்த மாதமே ராஞ்சி, அகமதாபாத், மலப்புரம் ஆகிய ஊர்களுக்கும் குழுக்கள் போயின, ஆக இது மும்பையின் தனிக் கதையும் அல்ல. எல்லா இடத்திலும் நோய் கண்டவர்களில் பெரும்பாலோர் ஊசி போடாத பிள்ளைகள். மும்பையில் நூற்றுக்கணக்கானோருக்கு நோய் உறுதியானது, பத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் இறந்தார்கள். பிளேக் காலத்தில் ஆர்தர் ரோடு ஆஸ்பத்திரி என்று பேர் வாங்கிய அதே கஸ்தூர்பா ஆஸ்பத்திரியில் மறுபடியும் வார்டு ஒதுக்கினார்கள். பரவிய இடங்களில் 9 மாதம் முதல் 5 வயசு வரை எல்லாருக்கும் கூடுதலாக ஒரு ஊசி என்று முடிவாயிற்று. 9 மாதத்துக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு அதிகம் வரும் இடத்தில், 6 மாதம் ஆனவர்களுக்கும் ஒன்று. புனேயில் மருந்து தயாராகிறது, 150 கிலோமீட்டரில் பிள்ளை சாகிறது.

குர்லாவிலும் மால்வணியிலும் பரவியது போல எங்கள் எஃப்-நார்த் வார்டிலும் வந்தது. மாட்டுங்கா, சயான், வடாலா, அன்டாப் ஹில் எல்லாம் அடங்கிய வார்டு இது. பம்பாய்த் தமிழன் என்றால் அவன் உறவுக்காரன் ஒருத்தனாவது இந்த வார்டில் இருப்பான். மாட்டுங்காவில் பிள்ளை டாக்டரிடம் தேதி தவறாமல் காசு கொடுத்து ஊசி போடும் வீடுகளும் நம் வீடுகள், சயான் கோலிவாடாவில் சந்துக்குள் இருக்கும் வீடுகளும் நம் வீடுகள். வார்டின் சராசரி இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிடும். இந்த மலரைப் படிக்கும் அன்பர்களில் பெரும்பாலோர் முதல் வகை என்பது எனக்குத் தெரியும். ஆனால் உங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரும் அம்மாவும், சங்கத்துப் பொங்கல் விழாவில் மடியில் பிள்ளையோடு கடைசி வரிசையில் உட்காருகிறவர்களும் எந்த வகை? தவிரவும் 9 மாதம் ஆகாத கைக்குழந்தை எந்த வீட்டில் இருந்தாலும் அதற்குக் காப்பு, சுற்றியிருக்கும் பிள்ளைகள் போட்டுக்கொண்ட ஊசிதான்.

அன்றைக்கு அந்தச் சந்தில் பத்துப் பதினைந்து வீடு ஏறி இறங்கினோம். ஊசியை எதிர்த்துப் பேசியவர்கள் என்று பார்த்தால் ஓரிருவர்தான். மற்ற இடங்களில் நான் கண்டது வேறு, எனக்குப் பழக்கமான நம் வழக்கம் ஒன்று. தலைப்பிரசவம் தாய்வீட்டில். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து பெண் ஊருக்குப் போகிறாள், அங்கே ஆஸ்பத்திரியில் பிரசவம். பி.சி.ஜி., போலியோ, ஒண்ணரை மாதத்து ஊசி எல்லாம் கிராமத்து நர்ஸ் அம்மா கூப்பிட்டுக் கூப்பிட்டுப் போட்டுவிடுவார். அஞ்சாம் மாதம் நல்ல நாள் பார்த்து மும்பைக்குக் கொண்டுவந்து விடுவார்கள். தட்டம்மை ஊசி 9 மாதத்தில். ஊர் நர்ஸ் கணக்கில் பிள்ளை 'வெளியூர் போய்விட்டது'. மும்பை ஹெல்த் போஸ்ட் கணக்கில் பிள்ளை இன்னும் வரவேயில்லை. நடுவில் ரயிலில் விழுந்துவிட்டது அந்த ஊசி. இதற்காகத்தான் எந்த ஊரில் போட்டாலும் ஒரே பதிவில் தெரியும்படி 'யூ-வின்' என்ற ஏற்பாட்டை 2023 ஜனவரியில் முன்னோட்டமாகச் சில மாவட்டங்களில் தொடங்கினார்கள். வரவேற்க வேண்டியது. ஆனாலும் போன் நம்பர் மாறாமல் இருக்க வேண்டும், நம் ஜனங்கள் ஊரில் ஒரு சிம், இங்கே ஒரு சிம்!

பாட்டி கதவைச் சாத்தப் பார்த்தார் என்றேனே, அந்த வீட்டுக்குத் திரும்புவோம். குரல் கேட்டு மருமகள் வந்தாள். என்னைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, "சார், நீங்களா! உள்ள வாங்க சார்" என்றாள். இருபது வருஷத்துக்கு முன் என்னிடம் படித்த பெண். அவளுடைய மூத்தவளுக்குத்தான் மணல்வாரி. டாக்டர் பார்த்துவிட்டார், வைட்டமின் ஏ கொடுத்திருக்கிறார், மூச்சு இரைக்கவில்லை, பயமில்லை. தொட்டிலில் இன்னொரு பையன், ஆண் பிள்ளை, 11 மாதம்.

"ஏம்மா, சின்னவனுக்கு 9 மாச ஊசி போட்டாச்சா?"

"எல்லா ஊசியும் போட்டாச்சு சார். ஊர்லயே போட்டுட்டோம்."

"எந்த மாசம் இங்க கூட்டிட்டு வந்தே?"

அவள் விரல் விட்டு எண்ணினாள். நடுவில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"கார்டு எங்க?"

"ஊர்ல அம்மா பீரோல இருக்கு சார்."

மராத்தி அம்மா ரிஜிஸ்தரில் ஒரு கோடு போட்டுவிட்டு, மூத்தவளோடு ஒரே வீட்டில் இருந்திருப்பதால் சின்னவனை இரண்டு வாரம் கவனிக்க வேண்டும், ஊசி உடனே போடணும், நாளைக்குப் பத்து மணிக்கு ஹெல்த் போஸ்ட், மறக்கக் கூடாது என்றார். நான் அதைத் தமிழில் சொன்னேன். பாட்டி, அம்மா வந்திருக்கும் வீட்டில் பிள்ளைக்கு எப்படி ஊசி குத்துவது, ஆகாதே என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் மருமகள் கிட்ட இருந்தது. "ஆத்தா, நேத்துதானே நீங்களே அவளுக்கு மாத்திரை கொடுத்தீங்க. மாத்திரை ஆகும்னா ஊசி ஆகாதா?" என்றாள். பாட்டி முணுமுணுத்துக்கொண்டே வேப்பிலையைச் சரிசெய்யப் போய்விட்டார்.

மத்தியானம் அவளுடைய தாயார் ஊரில் பீரோவைத் திறந்து கார்டை போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். அவள் அதை எனக்கு அனுப்பினாள். பிறந்தவுடன், ஒண்ணரை மாசம், ரெண்டரை, மூணரை, எல்லாக் கட்டத்திலும் தேதியும் கையெழுத்தும். 9 மாதக் கட்டம் காலி. மறுநாள் காலை ஒன்பதரைக்கே ஹெல்த் போஸ்ட் வாசலில் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.